கட்டிலை விடுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கலைக்கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். போன வாரம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய உயில் பற்றிப் பேச்சு வந்தது. மனைவிக்கு 'இரண்டாவது நல்ல கட்டிலை' மட்டும் எழுதிவைத்தார் என்றதும் வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "33 வருஷம் பெண்டாட்டியா இருந்தவங்களுக்கு இவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டாள். விதவைக்குச் சட்டப்படியே பங்கு உண்டு, அதனால் தனியாக எழுதவில்லை என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். "சட்டம் குடுத்தது சரி மேடம், அவர் என்ன குடுத்தார்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

வராததற்கு வேறு காரணமும் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன் என் அப்பா தவறிவிட்டார். உயிலில் வீடும் மனையும் அண்ணனுக்கு. எனக்கு அவருடைய தேக்கு பீரோ. எனக்கு ஒரு குறையும் இல்லை, சம்பாதிக்கிறேன். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உயிலில் பாசத்தைத் தேடுவது தப்பா ஐயா? அந்தக் கட்டில் பிரியமா, அவமானமா? இன்னொன்று: அவ்வளவு எழுதியவரின் உயிலில் ஒரு புத்தகம்கூட இல்லையே, ஏன்?

பெயர் வேண்டாம்.
எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது அந்த உயிலின் மூன்று தாள்களும் என் கணினியில் திறந்தே கிடந்தன. ஒரு மாதமாக அப்படித்தான் கிடக்கின்றன. லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு அடித்தலையும் திருத்தலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இலக்கிய ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சாய்வு மேசை போட்டு நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். உயில் என்றாலே எனக்கு அந்த மேசையும் அதன் மேல் காய்ந்த மைக்கறையும்தான்.

புத்தகக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். வீட்டுச் சாமான், தட்டுமுட்டு, நகை, குத்தகை என்று மிச்சம் இருந்த எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் மூத்த மகள் சூசன்னாவுக்கும் மருமகன் ஜான் ஹாலுக்கும் எழுதியிருக்கிறார். புத்தகம் இருந்திருந்தால் அந்த மூட்டையோடு போயிருக்கும். நாடகங்களோ அவர் சொத்தே இல்லை, நாடகக் கம்பெனி சொத்து. உங்கள் அப்பா வேலை பார்த்த ஆபீசின் ஃபைல்களை உயிலில் எழுதியிருந்தாரா? 1747-இல் இந்த உயிலின் நகலைப் பார்த்த, ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பாதிரியார் ஜோசப் கிரீனும் உங்களைப் போலத்தான் ஏமாந்துபோனார், கவிஞனின் ஆவி இதில் ஒரு துளிகூட இல்லையே என்று. இருக்காது எஸ். இதில் இருப்பவர் கவிஞர் இல்லை. வாரிக்ஷயர் சீமையில், ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில், 'நியூ பிளேஸ்' என்ற பெரிய வீட்டை 1597-இல் வாங்கி, 1602-இல் 320 பவுண்டுக்கு 107 ஏக்கர் வாங்கி, 1605-இல் 440 பவுண்டுக்கு ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வசூலிக்கும் உரிமையில் பங்கு வாங்கிய ஊர்ப் பெரிய மனிதர். உயிலின் தொடக்கத்தில் தன் பெயருக்குப் பின்னால் அவர் போட்டுக்கொண்டது 'கனவான்' என்ற ஒரே பட்டத்தைத்தான். லண்டன் நாடகக்காரர்கள் மூன்று பேருக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதுவும் பிறகு இடைச்செருகியதுதான்.

கட்டிலுக்கு வருகிறேன், சீக்கிரம் போய்விடுவேன். நல்ல கட்டில் விருந்தாளிக்கு, இரண்டாவது கட்டில்தான் தம்பதி படுத்தது, ஆகவே இது பிரியம் என்பது ஒரு கட்சி. விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு, ஆகவே எழுதத் தேவையில்லை என்பது அதன் துணைக்கட்சி. எதிர்க்கட்சி சொல்வது: 1613-இல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸில் 140 பவுண்டுக்கு வீடு வாங்கியபோது கூட்டாளிகளைச் சேர்த்து, மனைவியின் அந்த உரிமை ஒட்டாதபடி பத்திரம் போட்டவர்தான் இவர், ஆகவே இது அவமானம். தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நான் பார்ப்பது வேறு. அந்த வரி எந்த இடத்தில் நிற்கிறது?

மூன்றாவது தாளில், ஏற்கனவே எழுதி முடித்த இரண்டு வரிகளுக்கு நடுவில், பொடி எழுத்தில் நிற்கிறது. 'என் மனைவிக்கு என் இரண்டாவது நல்ல கட்டிலும் அதைச் சேர்ந்த சாமான்களும்.' சாமான் என்றால் மெத்தை, போர்வை, திரைச்சீலை. ஆன் என்ற பெயர்கூட அதில் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்பா உயில் எழுதப் போனார், பெட்டி தூக்க நான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே சர்வே நம்பர்களைச் சொல்கிறார். நஞ்சை இத்தனை, புஞ்சை இத்தனை, கிணற்றில் பாதி பாத்தியம், மோட்டார் ரூம். காலடியில் மூன்று மகன்கள் கைகட்டி நிற்கிறார்கள். அப்பா டிராஃப்டை எழுதி முடித்து உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது நடையில் நின்ற மகள், "அம்மாவுக்கு?" என்றாள். ஒரு வார்த்தைதான். பெரியவர் கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அப்புறம், "அந்தச் செவலை மாட்ட எழுதிக்கோங்க" என்றார். அப்பா இரண்டு வரிக்கு நடுவில் இடுக்கி எழுதினார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "மாடு ஏற்கனவே என்னுதுதான். எங்கப்பா ஓட்டிவிட்டது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு மோர் கேட்டார்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். யாரோ நடையில் நின்று கேட்டிருக்கிறார்கள். அனேகமாக சூசன்னா. இது என் ஊகம், வரலாறு இல்லை. ஆனால் இந்த ஊகத்தை யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். அந்த வரி பிரியமும் இல்லை, அவமானமும் இல்லை. மறதி. கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார் மனிதர்.

அந்த உயில் முழுக்கவே டிராஃப்ட் மாதிரிதான் இருக்கிறது. நம் பத்திரங்களில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல் என்று கடைசியில் எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் அப்பா இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். இங்கே 'ஜனவரி' என்று எழுதி அடித்து மேலே 'மார்ச்' என்று போட்டிருக்கிறது. 'முத்திரை வைத்தேன்' என்பதை அடித்து 'கையொப்பமிட்டேன்' ஆக்கியிருக்கிறது. தேதி 1616 மார்ச் 25. 'பூரண ஆரோக்கியத்துடனும் நினைவுடனும், கடவுளுக்குத் துதி' என்று ஆரம்பம். நம் ஊரில் 'பூரண சுயநினைவோடு, பிறர் தூண்டுதல் ஏதுமின்றி' என்று எழுதுவோமே, அதே சடங்கு. பூரண ஆரோக்கியத்தோடு இருந்தவர் ஏப்ரல் 23 அன்று இறந்துபோனார்.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம். இளைய மகள் ஜூடித்துக்கு 31 வயது. பிப்ரவரி 10 அன்று தாமஸ் க்வைனி என்ற ஒயின் வியாபாரியைக் கட்டிக்கொண்டாள். மார்ச் 15 அன்று மார்கரெட் வீலர் என்ற பெண்ணும் பிரசவத்தில் இறந்த அவள் குழந்தையும் ஸ்ட்ராட்ஃபோர்டில் அடக்கம் செய்யப்படுகிறார்கள். குழந்தைக்கு அப்பன் இந்த மாப்பிள்ளைதான். உயிலில் தேதி போட்ட மறுநாள், மார்ச் 26, திருச்சபை நீதிமன்றத்தில் நின்று ஒப்புக்கொள்கிறான். தண்டனை: மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். அதையும் 5 ஷில்லிங் கட்டித் தப்பிவிட்டான். அந்த 5 ஷில்லிங் யாருக்குப் போனது? ஊர் ஏழைகளுக்கு. இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

உயிலில் 'என் மரு…' என்று ஆரம்பித்து, அந்தப் பாதிச் சொல்லை அடித்து, 'என் மகள் ஜூடித்துக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதிச் சொல்லைப் பாருங்கள் எஸ், கட்டிலைவிட எவ்வளவோ பேசுகிறது. ஜூடித்துக்கு 100 பவுண்டு சீதனக் கணக்கில். இன்னொரு நிலத்தில் தன் உரிமையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தால் மேலும் 50. மூன்று வருடம் கழித்து அவளோ பிள்ளையோ உயிரோடிருந்தால் இன்னும் 150. ஆனால் அந்த முதலை அவள் கையில் தரக்கூடாது, வட்டியைத்தான் தரவேண்டும். அதே மதிப்புக்குப் புருஷன் அவள் பெயரில் நிலம் எழுதிவைத்தால்தான் முதல் வெளியே வரும். என் அப்பாவாக இருந்தால் இந்த ஷரத்தைப் படித்துவிட்டு எழுதியவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். உயிலில் பாசத்தைத் தேடலாமா என்று கேட்டீர்களே. தேடுங்கள், ஆனால் சந்தேகம் இருக்கிற இடத்தில் தேடுங்கள். கிழவன் எவனை நம்பவில்லையோ அவன் பக்கத்தில்தான் அவன் பிரியம் வைத்தவர் நிற்பார்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. இதற்காகத்தான் உங்கள் மேல் கோபம்.

உங்கள் கடிதத்தில் ஏழை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. உங்கள் மாணவியும் கேட்கவில்லை. புத்தகம் புத்தகமாக எழுதிய பேராசிரியர்கள் பலருக்கும் அது ஒரு வரியோடு சரி. இரண்டாவது தாளில் இருக்கிறது, இடைச்செருகல் இல்லை, முதலிலேயே எழுதியது. ஒரே மூச்சில் இப்படி ஓடுகிறது: ஸ்ட்ராட்ஃபோர்டு ஏழைகளுக்கு 10 பவுண்டு, திரு. தாமஸ் கூமுக்கு என் வாள்; தாமஸ் ரஸ்ஸலுக்கு 5 பவுண்டு; பிரான்சிஸ் காலின்ஸுக்கு 13 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ்.

காலின்ஸ் யார் தெரியுமா? வாரிக் ஊர் வக்கீல், இந்த உயிலைத் தயாரித்தவர். ஊர் ஏழைகள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்ததைவிட உயில் தயாரித்தவருக்கு மூன்று பவுண்டுக்கு மேல் அதிகம். இதை முதலில் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டுக்குப் பூசணிக்காயும் அரைமூட்டை நெல்லும்தான் வந்தன.

10 பவுண்டு என்றால் எவ்வளவு? ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வருடச் சம்பளம் 20 பவுண்டு. ஆக வாத்தியாரின் அரை வருடச் சம்பளம். அற்பம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அதே ஊரில் ஜான் கூம் என்பவர் செத்தார். வட்டிக்கடைக்காரர், நூற்றுக்குப் பத்து வட்டி. அவர் உயிலில் ஏழைகளுக்கு 20 பவுண்டு. தன் கல்லறைச் சிலைக்கு 60 பவுண்டு. ஷேக்ஸ்பியருக்கும் 5 பவுண்டு. வட்டிக்காரர் 20, கவிஞர் 10. (ஜூடித்துக்குப் பணம் தரத் தாமதமானால் பவுண்டுக்கு 2 ஷில்லிங் வட்டி என்று நம்மவர் உயிலிலும் போட்டிருக்கிறது. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக அதுவும் நூற்றுக்குப் பத்துதான்.)

இந்த 10-ஐ இன்னொரு 10-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1590-களின் நடுவில் இங்கிலாந்தில் வரிசையாக விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏறியது. யார் வீட்டில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்னது அரசு. 1598 பிப்ரவரி 4 தேதியிட்ட ஸ்ட்ராட்ஃபோர்டு பட்டியலில் நம்மவர் பெயருக்கு நேரே 10 குவார்ட்டர் மால்ட் இருக்கிறது. மால்ட் என்றால் பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய பார்லி. 10 குவார்ட்டர் என்பது 80 புஷல், இரண்டும் தானியம் அளக்கும் பழைய அளவுகள். பதுக்கல்காரன் என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். மால்ட்தான் அந்த ஊரின் தொழிலே, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலும் இருந்தது. ஆனால் ஊரில் ரொட்டிக்கு வழியில்லாதவன் இருந்தான், இவர் களத்தில் 80 புஷல் இருந்தது. இரண்டும் ஒரே பிப்ரவரியில்.

அப்புறம் 1614. ஜூலை 9 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் தீ. 54 வீடுகள் எரிந்துபோயின. அதே வருடம் இலையுதிர் காலத்தில் வட்டிக்காரரின் கூடப்பிறந்தவர் மகன் வில்லியம் கூம், ஊரை ஒட்டிய வெல்கம் என்ற இடத்து உழவு நிலங்களை வேலி போட்டு வளைத்து ஆட்டு மேய்ச்சல் ஆக்கக் கிளம்பினான். உழவு போனால் கூலி போகும், தானியம் குறையும், ஏழைகள் பெருகுவார்கள் என்று ஊர் மன்றம் எதிர்த்தது. நம்மவர் என்ன செய்தார்? அந்த அக்டோபரிலேயே வேலிக்காரர்களின் ஆளோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்: வேலி வந்தால் என் பங்கு வசூலுக்கு வரும் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டும். ஊர் எழுத்தர் தாமஸ் கிரீன் கேட்டபோது, ஒன்றும் நடக்காது என்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். 1615 ஜனவரியில் ஸ்ட்ராட்ஃபோர்டு பெண்களும் பிள்ளைகளும் பக்கத்துப் பிஷப்டன் ஊர்க்காரர்களும் போய், வெட்டிய பள்ளங்களை மண்ணள்ளிப் போட்டு மூடினார்கள். மார்ச்சில் வாரிக் நீதிமன்றம் வேலியைத் தடுத்தது. மூடிய கைகளில் இவர் கை இல்லை.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். ஏழைகளுக்கு 10 பவுண்டு. தாமஸ் கூமுக்கு என் வாள். அந்தத் தாமஸ், வேலி போட்ட வில்லியமின் கூடப்பிறந்தவன். பள்ளத்தை மூடினவர்களும் வெட்டினவன் தம்பியும் ஒரே வாக்கியத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இவரை வில்லன் ஆக்க நான் இதைச் சொல்லவில்லை. என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அது பாவமன்னிப்பா?" என்றார். அதுவும் இல்லை. பழைய காலத்தில் இங்கிலாந்தில் உயிலில் ஏழைக்குக் கொடுத்தால் அவன் செத்தவரின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும், கொடுக்கல் வாங்கல் நேர். நாடு கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறியதும், செத்தவருக்கான பூசை மடங்களை எல்லாம் 1547-இல் மூடிவிட்டார்கள். ஜெபம் போயிற்று, கொடுக்கிற பழக்கம் மட்டும் நின்றது. 1601 சட்டம் ஏழைகளைக் காப்பது அந்தந்தத் திருச்சபை ஊரின் கடமை என்று வரி போட்டு, அதை வசூலிக்க ஆள் வைத்தது. அதன் பிறகும் பெரிய மனிதர் உயிலில் அந்த வரி இல்லாவிட்டால் ஊர் பேசும். இது மொய், எஸ். மொய் நோட்டு பார்த்திருப்பீர்களே? மனதுக்கு எழுதுவதில்லை, அந்தஸ்துக்கு எழுதுவது. வட்டிக்கடைக்காரர் 20 எழுதினார், இவர் தன் வரிசையைப் பார்த்து 10 எழுதினார். அதனால்தான் அதில் ஓர் அடித்தலும் இல்லை. மகளுக்கு எழுதியது எல்லாம் அடித்தல் திருத்தல். மனைவிக்கு எழுதியது இடைச்செருகல். ஏழைகளுக்கு எழுதியது மட்டும் ஒரு கறையும் இல்லாமல் சுத்தமாக நிற்கிறது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் 5 ஷில்லிங்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கரெட் வீலர் செத்ததில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏழைகளுக்கு வந்த லாபம் அது.

உங்கள் பீரோவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சொத்து பூர்வீகமா சுயார்ஜிதமா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. பூர்வீகம் என்றால் அண்ணனிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், சம்பாதிக்கிறேன் என்ற பெருமை அங்கே உதவாது. ஆனால் ஒன்று: பீரோவுக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. திறந்து பார்த்தீர்களா? அப்பா தவறி ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் வேலைக்காரரை விட்டு எடுத்துவர ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் எனக்கு உங்கள் மேல் வருத்தம்தான். நீங்களே போங்கள். சாவியை அண்ணியிடம் வாங்கி நீங்களே திறங்கள்.

அதோடு, உங்களுக்கு அத்தை உண்டா? அவருக்கு உங்கள் அப்பா என்ன எழுதியிருந்தார்? அதையும் நீங்கள் எழுதவில்லை. உயில் படிக்கிற எல்லோரும் மனைவியையும் மகளையும் பார்க்கிறார்கள். கூடப்பிறந்தவளை யாரும் பார்ப்பதில்லை.

ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கை. ஜோன். பெற்றோருக்குப் பிறந்த எட்டுப் பேரில் அண்ணனும் அவளும்தான் மிச்சம். தொப்பி செய்யும் வில்லியம் ஹார்ட்டைக் கட்டிக்கொண்டு ஹென்லி தெருவில் அப்பாவின் பழைய வீட்டில் ஒரு பகுதியில் குடியிருந்தாள். புருஷனுக்குத் தொழில் ஓடவில்லை, கடன் வழக்குகள். அண்ணன் எழுதினார்: 20 பவுண்டு, தன் உடுப்புகள் எல்லாம், குடியிருக்கும் வீட்டில் ஆயுள்வரை இருந்துகொள்ள உரிமை. வாடகை வருடத்துக்கு 12 பென்ஸ். ஒரே ஒரு ஷில்லிங். சும்மா இரு என்று எழுதவில்லை பாருங்கள். வாடகை கொடுத்து இருப்பவளை நாளைக்கு அண்ணன் மகளோ மருமகனோ 'ஓசியில் இருக்கிறாய்' என்று சொல்ல முடியாது. அந்த 12 பென்ஸ் அவளுக்குக் கொடுத்த ரசீது. ஏப்ரல் 17 அன்று ஜோனின் புருஷனை அடக்கம் செய்தார்கள். எட்டு நாள் கழித்து அண்ணனை. ஒரே மாதத்தில் இரண்டு பேர். அவள் அந்த வீட்டிலேயே 1646 வரை இருந்தாள்.

மறுபக்கம், பெரிய சொத்து. நியூ பிளேஸ், ஹென்லி தெரு வீடுகள், நிலங்கள், லண்டன் வீடு எல்லாம் சூசன்னாவுக்கு, அவளுக்குப் பின் அவள் மூத்த மகனுக்கு, அவன் ஆண் வாரிசுகளுக்கு. இல்லாவிட்டால் இரண்டாம் மகனுக்கு, மூன்றாம் மகனுக்கு. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று ஏழாவது மகன் வரை எழுதியிருக்கிறார். எழுதும்போது சூசன்னாவுக்கு இருந்தது எட்டு வயதுப் பெண் ஒன்றே ஒன்று, எலிசபெத். அதற்குப் பின்னும் ஒன்றும் பிறக்கவில்லை. ஜூடித்துக்கு மூன்று பையன்கள் பிறந்தார்கள். தாத்தா பெயரையே வைத்த முதல் பையன் 1617-இல் கைக்குழந்தையாகச் செத்தான், மற்ற இருவரும் 1639-இல் ஒரே வருடத்தில். எலிசபெத் இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளையில்லாமல் 1670-இல் இறந்தாள். அதோடு நேர் வாரிசு தீர்ந்தது. நியூ பிளேஸ் கைமாறிக் கைமாறி, 1759-இல் ஒரு பாதிரியார் அதை இடித்தே போட்டுவிட்டார்.

ஜோனுக்கு மூன்று பையன்கள். ஆளுக்கு 5 பவுண்டு என்று தாய்மாமன் எழுதியிருக்கிறார். வில்லியம் ஹார்ட், ………… ஹார்ட், மைக்கேல் ஹார்ட். நடுவில் வெறும் இடம். காலின்ஸ் பேனாவைத் தூக்கிக்கொண்டு நடுப்பையன் பெயர் என்ன என்று கேட்டிருப்பார். படுக்கையில் கிடந்தவருக்கு ஞாபகம் வந்திருக்காது. அப்புறம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருப்பார்கள். அதே ஊரில் இருந்த பத்து வயதுப் பையன், போய்க் கூப்பிட்டிருந்தால் வந்து சொல்லியிருப்பான்.

அவன் பெயர் தாமஸ். மூத்தவன் வில்லியம் நாடகக் கம்பெனியில் நடிகனாகி, கல்யாணம் ஆகாமலே 1639-இல் செத்தான். கடைக்குட்டி மைக்கேல் 1618-லேயே போய்விட்டான். தாமஸுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். எலிசபெத் சாகும்போது ஹென்லி தெரு வீட்டைத் தாமஸின் மகன்களுக்கு எழுதிவைத்தாள். ஹார்ட் குடும்பம் 1806 வரை அந்த வீட்டை வைத்திருந்து, பிறகு ஒரு கசாப்புக்காரருக்கு விற்றது. 1847-இல் ஊர்கூடி நிதி திரட்டி 3000 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். உங்கள் மாணவி என்றைக்காவது இங்கிலாந்து போனால் சீட்டு வாங்கி உள்ளே நுழையப்போவது அந்த வீட்டுக்குள்தான்.

க்யூவில் இருக்கும் இரண்டாவது தாளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு 'ஹார்ட்'டுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. யாரும் இன்னும் நிரப்பவில்லை.

அன்புடன்